ஒரு நொடியில் பிறப்பதல்ல அரூப ஓவியம்

அரூப ஓவியத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. கண்காட்சிக்குத் தற்செயலாக வந்து நிற்பவர், "இதை என் பேத்தியே வரைஞ்சிடுவா" என்று சொல்லிவிட்டு நகர்கிறார். கலை வட்டத்துக்குள் இருப்பவர் அதைக் கேட்டு வருத்தப்படுகிறார். இது அக எழுச்சியின் வெடிப்பு, அன்றாடத்தின் சலிப்பிலிருந்து ஓவியர் விடுபடும் கணம், இதை அறிவால் அளக்கக் கூடாது என்று அவர் விளக்கம் தருகிறார். முதல் பேச்சு கேலி, இரண்டாவது வழிபாடு. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: அந்தப் படத்துக்குள் காலம் செலவாகவில்லை. உழைப்பே இல்லை என்கிறார் ஒருவர். உழைப்பு தேவைப்படாத உயரத்தில் அது நிகழ்ந்தது என்கிறார் மற்றவர். அழைப்பிதழ்களிலும் கண்காட்சிக் கையேடுகளிலும் அச்சாவது இரண்டாவது பேச்சு என்பதால் அதற்கு மரியாதை அதிகம், அதனாலேயே தீங்கும் அதிகம். இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். அடுக்கடுக்காகப் பூசி உருவாகும் அரூப ஓவியம் காலத்தாலேயே கட்டப்படுவது. அந்தக் காலம் திருவிழாக் காலமோ தரிசனக் காலமோ அல்ல. எழுந்து, கை கழுவி, நேற்று விட்ட இடத்துக்குத் திரும்பிவரும் அன்றாடக் காலம் அது. அதைப் படிக்கும் தகுதி கலைக்கூடத்துக்குப் பழகியவருக்கு மட்டும் உரியது என்பதையும் நான் ஏற்கவில்லை. திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் துவாக்குடியில் இறங்கி வேலைக்குப் போகும் ஒரு வெல்டருக்கு அந்தத் தகுதி அவரைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

துவாக்குடியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1964-ல் இங்கே மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கியது, இன்று அது தேசிய தொழில்நுட்பக் கழகம். 1965-ல் பக்கத்தில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்தது. அதைச் சுற்றி, அதற்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் சிட்கோ தொழிற்பேட்டையிலும் வெளியிலும் பெருகின. ஷிப்டு கணக்கில் வாழும் ஊர் இது. இத்தகைய ஊருக்குக் கலை எதற்கு, அதிலும் அரூபக் கலை எதற்கு என்ற கேள்வி யார் வாயிலும் உரக்க வருவதில்லை. ஆனால் எங்கே கலைக்கூடம் திறப்பது, எங்கே கண்காட்சி வைப்பது என்று முடிவெடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விக்கு விடை சொல்லப்பட்டுவிடுகிறது. இந்தப் பட்டறைகளில் நடக்கும் வேலையைக் கவனியுங்கள். தடித்த தகடுகளைச் சேர்க்கும் வெல்டிங் ஒரே இழுப்பில் முடிவதில்லை. இரண்டு தகடுகளுக்கு இடையிலான பள்ளத்தின் அடியில் முதலில் ரூட் ரன் போட வேண்டும். அதன்மேல் படிந்த ஸ்லாக்கைச் சுத்தியலால் தட்டி, வயர் பிரஷ்ஷால் தேய்த்து, தகட்டின் சூடு சொன்ன அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த ரன். இப்படி அடுக்கு மேல் அடுக்காக நிரப்பி, கடைசியில் கேப்பிங். வெளியே தெரிவது கேப்பிங் மட்டும். ஆனால் அந்தப் பற்றவைப்பின் பலம் அடியில் இருக்கிறது. எங்கோ ஒரு ரன்னில் ஸ்லாக் மாட்டியிருந்தால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். மேற்பரப்பைப் பார்த்து அடியில் நடந்ததைக் கணிக்கும் கண் இந்தத் தொழிலாளிக்கு இருக்கிறது. அடுக்கு ஓவியம் பார்வையாளரிடம் கேட்பதும் இதே கண்ணைத்தான்.

எண்ணெய் வண்ணம் எப்படிக் காய்கிறது என்று தெரிந்த யாரும் 'ஒரு கணத்தின் வெடிப்பு' என்று எழுத மாட்டார்கள். ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணம் ஈரத் துணி காய்வதைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கலந்து மெல்ல இறுகுகிறது. மெலிதாகப் பூசினால் தொடும் அளவுக்குக் காயச் சில நாட்கள், தடித்துப் பூசினால் வாரங்கள், உள்ளே முழுக்க இறுக மாதங்கள். நிறத்துக்கு நிறம் வேகமும் மாறும். அம்பர் என்ற மண்பழுப்பு, தன்னிலுள்ள மாங்கனீசால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐவரி கருப்பு நாள் எடுக்கும். அடியில் எண்ணெய் குறைந்த பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் கூடிய பூச்சு என்பது ஓவியப் பள்ளியில் முதலில் சொல்லித் தரும் விதி. அதை மீறினால் மேல்பூச்சு முந்திக்கொண்டு இறுகிவிடும், அடிப்பூச்சு பின்னால் அசைந்து படம் முழுக்க வெடிப்பு விடும். அக்ரிலிக் வண்ணம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே காய்ந்துவிடுகிறது, உண்மைதான். அங்கே காத்திருப்பு சுருங்குகிறதே தவிர வரிசை குலைவதில்லை. எது முதலில், எது பிறகு, எதை மூடுவது, எதைத் தெரியவிடுவது என்பதை அங்கேயும் தீர்மானித்தாக வேண்டும்.

காய்வது வேதியியல், அதில் கலை எங்கே வருகிறது என்று கேட்கலாம். காய்வதற்கு விடும் இடைவெளியில் படம் மாறுவதில்லை, அதைச் செய்தவர் மாறிவிடுகிறார். திங்கட்கிழமை பூசிய நீலத்தின் முன்னால் வெள்ளிக்கிழமை வந்து நிற்பவர் திங்கட்கிழமை நின்றவர் அல்ல. இடையில் அவர் தூங்கி எழுந்திருக்கிறார், கடன் கேட்டு யாரோ வந்து போயிருக்கிறார்கள், வெயில் ஏறியிருக்கிறது. அன்று சரி என்று பட்டது இன்று மிகையாகத் தெரியும். அதை மூடலாம், சுரண்டலாம், பாதியை விட்டுவைக்கலாம். அடுத்த பூச்சு என்பது முந்தைய நாளுக்கு இன்றைய நாள் சொல்லும் பதில். இருபது பூச்சு கொண்ட ஒரு படத்தில் இருபது நாட்களின் மனங்கள் ஒன்றோடொன்று வாதாடிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் எதுவும் முழுவதுமாக வெல்லவில்லை. அன்றாடம் என்பது ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவது என்று நினைப்பவர்களுக்கு அது சலிப்பாகத்தான் தெரியும். ஒரே வேலைக்குத் திரும்பி வரும்போதுதான் நாளுக்கு நாள் உள்ள வேறுபாடு தெரியவரும். தினமும் புதிய இடத்துக்குப் போகிறவருக்கு இடங்களின் வேறுபாடு தெரியலாம், நாட்களின் வேறுபாடு தெரியாது.

இதற்குத் திருச்சி மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1938-ல் இந்த மாவட்டத்தில் பிறந்து, 2008-ல் மறைந்த கே.எம். ஆதிமூலத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் வாசகர்களுக்கு அவர் கோடுகளின் ஓவியர். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-ல் வரைந்த காந்தி கோட்டோவியங்கள், கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்குப் போட்ட படங்கள், சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் வடித்த அட்டைகளும் எழுத்துருக்களும் பலருக்கு நினைவிருக்கும். பிறகு அவர் எண்ணெய் வண்ணத்துக்கு வந்து, அரூபத்துக்குள் போனார். மனிதர் இல்லை, மரம் இல்லை, பேலட் கத்தியால் இழைத்த வண்ணப் பரப்புகள் மட்டும். இந்த மாற்றத்தைப் பலர் பிரிவாகப் புரிந்துகொண்டார்கள். கட்டுப்பாடான கோட்டை விட்டு, கட்டற்ற வண்ணத்துக்குத் தாவிவிட்டார் என்று சிலர் புகழ்ந்தார்கள், சிலர் வருந்தினார்கள். அவருடைய பேனா ஓவியங்களில் இருட்டு எப்படி வருகிறது என்று பார்த்திருந்தால் இரண்டு பக்கமும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். மையைக் கொட்டி நிரப்பி வரவழைத்த இருட்டு அல்ல அது. கோட்டின் மேல் கோடு, அதற்குக் குறுக்கே இன்னொரு வரிசை, அதன்மேல் மறுபடியும் ஒன்று என்று கை திரும்பத் திரும்பப் போய் வந்து சேர்த்த இருட்டு. காந்தியின் கன்னத்து நிழலில் இருக்கும் அதே அடுக்குமுறைதான் பிற்காலத்து எண்ணெய் ஓவியங்களின் செம்மண் நிறத்துக்கும் நீலத்துக்கும் அடியில் இருக்கிறது. முகம் போனது, முறை தங்கியது. உணர்ச்சி வேகத்தில் கட்டுப்பாட்டை உதறிய கலைஞர் என்ற கதைக்கு ஆதிமூலத்தின் படைப்புகள் இடம் கொடுப்பதில்லை.

சென்னையின் மற்ற அரூப ஓவியர்களிடம் போனாலும் கதை இப்படித்தான். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, அங்கே கூடியவர்கள் பத்திக் துணி முதலான கைவினைப் பொருட்கள் செய்து விற்று வயிற்றைக் கழுவினார்கள். பகலின் ஒரு பகுதி அந்த வேலைக்கு, மிச்சம் ஓவியத்துக்கு. 1945-ல் கேரளத்துக் கூடல்லூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்து 2022-ல் மறைந்த அச்சுதன் கூடல்லூர் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். வேலை பார்த்துக்கொண்டே மெட்ராஸ் ஆர்ட் கிளப்பின் மாலை வகுப்புகளில் ஓவியம் கற்றார். 1988-ல் லலித் கலா அகாடமியின் தேசிய விருதைப் பெற்ற அந்த வண்ணங்கள், அலுவலகம் விட்டு வந்த மாலைகளில் வேர் பிடித்தவை. அன்றாடம் கலைஞனைக் கொன்றுவிடும் என்பவர்கள், அந்த அன்றாடத்துக்குள்ளிருந்தே வந்த இவரை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. விதிவிலக்கு என்று ஒதுக்கலாம். ஆனால் விதிவிலக்குகள் இத்தனை சேர்ந்த பிறகு விதியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வி.எஸ். கைதோண்டேவை ஒதுக்கவே முடியாது. 1924-ல் நாக்பூரில் பிறந்து 2001-ல் டெல்லியில் இறந்தவர், இந்திய அரூப ஓவியத்தின் தலைமைக் கலைஞர் என்று அரூபத்தை விரும்பாதவர்களும் ஒப்புக்கொள்பவர். மிக வேகமாக வரைந்திருக்க வேண்டியவர் இவர்தான் என்று 'கணம்' கோட்பாட்டுக்காரர்கள் எதிர்பார்ப்பார்கள், ஏனென்றால் ஜென் சிந்தனையில் ஊறியவர். ஆண்டுக்குச் சில ஓவியங்களே அவர் கையிலிருந்து வெளிவந்தன. ரோலரால் வண்ணத்தை உருட்டிப் பரப்புவார், கத்தியால் வழித்தெடுப்பார், காகிதத் துண்டுகளை ஒட்டி எடுத்து வண்ணத்தை மாற்றுவார். மிச்ச நேரமெல்லாம் பார்ப்பதும் யோசிப்பதும் காத்திருப்பதும்தான். 2014-ல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் தொகுத்துக் காட்டியபோது ஓவியத்தைச் செய்முறையாகவும் வாழ்க்கையாகவும் பார்க்கச் சொல்லியே கண்காட்சிக்குப் பெயர் வைத்தது. அந்தப் படங்களில் ஒளி உள்ளேயிருந்து வருவதுபோல் தோன்றுவதைப் பற்றி ஆன்மிக மொழியில் நிறைய எழுதிவிட்டார்கள். மெல்லிய வண்ணப் படலங்களுக்குள் புகுந்த வெளிச்சம் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பி வருகிறது, அந்த ஒளிக்கு அதுவே காரணம். படலங்களைப் போட்டது கை, போடவைத்தது பொறுமை. காரணத்தைச் சொன்னால் அழகு குறைந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் அழகைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

காலத்தையே பொருளாக எடுத்துக்கொண்ட இரண்டு வெளிநாட்டு ஓவியர்களையும் இங்கே சொல்ல வேண்டும். போலந்தின் ரோமன் ஓபால்கா 1965-ல் வார்சாவில் ஒரு கேன்வாஸின் இடது மேல் மூலையில் 1 என்று எழுதத் தொடங்கினார். 2011-ல் இறக்கும்வரை எண்களைத் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனார். நின்ற இடம் 56,07,249. 1972 முதல் ஒவ்வொரு புதிய கேன்வாஸின் பின்னணியிலும் முந்தையதைவிட ஒரு சதவீதம் வெள்ளையைக் கூட்டினார், ஆண்டுகள் போகப் போக வெள்ளை எண்கள் வெள்ளைப் பின்னணிக்குள் கரையத் தொடங்கின. ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஆன் கவாரா, 1966 ஜனவரி 4 முதல் அன்றைய தேதியை மட்டும் ஓவியமாக்கினார். பின்னணிக்கே பல பூச்சுகள், ஒவ்வொன்றும் காய்ந்து தேய்த்த பிறகு அடுத்தது. நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அந்தப் படத்தை அழித்துவிடுவது அவருடைய விதி. இவர்களை விசித்திரப் பிறவிகள் என்று ரசிப்பது எளிது. என் கணக்கில் இவர்கள், மற்ற அடுக்கு ஓவியர்கள் சொல்லாமல் செய்ததை வெளிப்படையாகச் செய்தவர்கள். ஓபால்கா எண்ணியதை கைதோண்டே எண்ணாமல் பூசினார். தேதி எழுதாததால் ஒரு நாள் இல்லாமல் போய்விடாது.

'இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் மண்ணில் வேர் இல்லை' என்பது நெடுநாளாகக் கேட்கும் குற்றச்சாட்டு. அதற்கு அவசரமாகப் பதில் சொல்ல வருபவர்கள் கோலத்தைக் காட்டுகிறார்கள்: பாருங்கள், நம் பாட்டிகள் அன்றே அரூபம் வரைந்தார்கள் என்று. எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. கோலம் பெரிய கலை, ஆனால் அது நேற்றை வைத்துக்கொள்வதில்லை. காலையில் பெருக்கி, தெளித்து, புதிதாகப் போடப்படுவது. நாள்தோறும் நிகழ்கிறது, அடுக்காகச் சேர்வதில்லை. அடுக்குக்குச் சான்று வேண்டுமென்றால் திருவரங்கத்துக்குப் போங்கள். அங்கே மூலவரான பெரிய பெருமாள் சுதையால் ஆன திருமேனி. அதற்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்பு உண்டு. மூலிகைத் தைலம் சாத்திய பிறகு அது உலரும்வரை திருமேனி முழுதும் தரிசனத்துக்குத் திறந்திருப்பதில்லை, பக்தர்கள் திருமுகத்தை மட்டும் சேவித்துவிட்டுத் திரும்புகிறார்கள். பூச்சு காய்வதற்கு ஊரே காத்திருக்கிறது. காத்திருப்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ராமாநுசர் சந்நிதியிலும் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கலந்த காப்பு ஆண்டுதோறும் முறைப்படி சாத்தப்படுகிறது. அந்தக் கோயிலின் நிர்வாகத்தையும் நித்திய ஏற்பாடுகளையும் பதிவு செய்த கோயிலொழுகு என்ற நூலும் நம்மிடம் உண்டு. படையெடுப்பையும் பூசை முறையையும் ஒரே ஏட்டில் எழுதி வைத்தவர்கள், அன்றாடம் பதிவுக்கு உரியதல்ல என்று நினைத்திருக்க முடியாது. இது வழிபாடு, ஓவியமல்ல என்று சொல்லலாம், சரிதான். நான் இங்கே நிறுவ முற்படுவது, திரும்பத் திரும்பச் செய்வதால் பொருள் கரையாது, சேரும் என்ற எண்ணம் இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல என்பதை மட்டும்தான்.

துவாக்குடியிலிருந்து அதே சாலையில் கிழக்கே போனால் தஞ்சைப் பெரிய கோயில். 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். பின்னாளில் தொல்லியல் துறை மேலடுக்கைச் சேதமில்லாமல் பிரித்தெடுத்துத் தனியே காட்சிக்கு வைத்தது. ஒரே சுவரில் இரண்டு காலங்கள் இருந்தன, ஒன்று மற்றொன்றை மூடிக் காப்பாற்றியும் வைத்திருந்தது. இதை அரூப ஓவியத்தின் முன்னோடி என்று நான் சொல்லப்போவதில்லை. நாயக்கர் கால ஓவியர் அடியில் இருந்ததோடு பேச விரும்பவில்லை, அதன்மேல் வேறொன்றை வரைய வந்தார், அவ்வளவுதான். அடுக்கு ஓவியத்தில் மூடுபவரும் மூடப்படுபவரும் ஒரே ஆள், மூடியதைக் கசியவிடுவதும் அவர் முடிவு. வேறுபாடு பெரியது. ஆனால் பரப்புக்கு அடியில் காலம் இருக்கும், அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தைத் தஞ்சைச் சுவர் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். இதற்கும் நம் பழைய இலக்கணம் ஒன்று இருக்கிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த பிறகே மரம், பறவை, பறை என்று கருப்பொருளுக்கு வருகிறது தொல்காப்பியம். படத்தில் 'ஒன்றுமே இல்லை' என்று சொல்பவர் காணாமல் தேடுவது கருப்பொருளை. பரப்பும் பொழுதும் அங்கே இருக்கின்றன, அவற்றுக்குத்தான் நம் மரபு முதலிடம் கொடுத்தது.

இனி எதிர்ப்புகளில் வலுவானவை. முதலாவது, நேரம் செலவிட்டதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடுமா? ஆகாது. நூறு பூச்சு போட்டும் சேறாகிப்போன படங்கள் ஏராளம். எல்லா நிறமும் கலந்து ஒரு பழுப்பு மட்டும் மிஞ்சும். காலம் தகுதி என்று நான் சொல்லவில்லை, காலம் மூலப்பொருள். மரம் நன்றாக இருந்தால் நாற்காலி நன்றாக அமைந்துவிடாது, ஆனால் மரமே இல்லை என்று சொல்லும் தச்சனை யாரும் நம்பமாட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி இது: அடியிலுள்ள பூச்சு மேலே வேலை செய்கிறதா, அல்லது புதைந்து கிடக்கிறதா? வேலை செய்தால் அது ஓவியம். புதைந்து கிடந்தால் வீணான வண்ணம்.

இரண்டாவது, ஜாக்சன் பொல்லாக் போன்றவர்கள் சில நிமிடங்களில் வீசி எறிந்து வரையவில்லையா? 1950-ல் ஹான்ஸ் நமுத் எடுத்த புகைப்படங்களும் திரைப்படமும்தான் இந்த எண்ணத்தை உலகெங்கும் பரப்பின. ஓடும் படத்தில் கை வேகம் தெரியும், காத்திருப்பு தெரியாது. காத்திருப்பதைப் படம் பிடித்து யார் பார்ப்பார்கள்? பொல்லாக் கேன்வாஸைச் சுவரில் ஏற்றிப் பார்த்து, திரும்பத் தரையில் விரித்து, காய்ந்த வலைக்கு மேல் மறுபடி வண்ணம் சொட்டியவர். அவருடைய பெரிய படங்களில் எந்தக் கோடு எதன்மேல் போகிறது என்று கண்ணால் தொடர்ந்து போக முடியும். ஒரே மூச்சில் தூரிகையை வீசும் சீன, ஜப்பானிய மை ஓவியர்கள் உண்மையிலேயே வேகமானவர்கள். அவர்களுடைய அடுக்குகள் தாளில் இல்லை, கையில் இருக்கின்றன. ஒரு மூங்கில் இலைக்குப் பின்னால் பல்லாண்டுப் பழக்கம் இருக்கிறது. இரண்டு வகையிலும் அன்றாடம் உண்டு, ஒன்று அதைத் துணியில் சேமிக்கிறது, மற்றது உடம்பில்.

மூன்றாவது, அடுக்குகள் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது, யாரோ சொல்லித்தான் தெரிகிறது என்பது. இது உண்மையாக இருந்தால் என் வாதம் விழுந்துவிடும். உண்மையில்லை. கேன்வாஸின் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள், அடிப்பூச்சுகள் வழிந்து அங்கே நிற்கும். கத்தி சுரண்டிய இடத்தைப் பாருங்கள், மூடிய நிறம் அங்கே தலைகாட்டும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி நின்று பாருங்கள், முன்பு போட்ட தூரிகைத் தடத்தின் மேடு மேல்நிறத்தைத் தாண்டித் தெரியும். தட்டில் சிவப்பையும் மஞ்சளையும் குழைத்த ஆரஞ்சு ஒரு மாதிரி, காய்ந்த மஞ்சளின் மேல் மெல்லிய சிவப்பைப் பூசி வரும் ஆரஞ்சு இன்னொரு மாதிரி. இரண்டாவதில் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்புகிறது. சாதாரணக் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியும், நின்று பார்க்க வேண்டும், அவ்வளவே. படத்துக்கு முன்னால் சில நொடிகள் மட்டும் நின்றுவிட்டு அது சில நொடிகளில் செய்யப்பட்டது என்று தீர்ப்புச் சொல்பவர், தன் பார்வைக்கு ஆன நேரத்தைப் படத்தின் நேரமாக எண்ணிக்கொள்கிறார்.

கடைசி எதிர்ப்பு எல்லாவற்றிலும் கனமானது. அன்றாடத்தைப் போற்றுவது யாருக்கு வசதி? ஓவியரின் வழக்கம் அவர் தேர்ந்துகொண்டது, ஷிப்டு தொழிலாளியின் வழக்கம் அவர்மேல் சுமத்தப்பட்டது. ஒருவர் நினைத்தால் தூரிகையைக் கீழே வைக்கலாம், இன்னொருவர் வெல்டிங் ராடைக் கீழே வைத்தால் அன்றைய கூலி போகும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது சுரண்டலுக்குப் பூச்சூட்டுவதாகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஓவியரின் நாளும் தொழிலாளியின் நாளும் சமமல்ல, நான் சமமாக்கவுமில்லை. ஆனால் நான் மறுக்கும் கருத்துதான் தொழிலாளிக்குப் பெரிய அநீதி செய்கிறது. உன் நாட்களில் ஒன்றும் இல்லை, அவற்றிலிருந்து தப்பித்த பிறகே கலை தொடங்குகிறது என்று அது அவரிடம் சொல்கிறது. அடுக்கு ஓவியம் அன்றாடம் இனிமையானது என்று சொல்வதில்லை. நாட்கள் படிவு விட்டுச் செல்கின்றன, அந்தப் படிவில் காயமும் உண்டு, அதைப் படிக்க முடியும் என்று காட்டுகிறது. 1937-ல் கராச்சியில் பிறந்து, பரோடாவில் ஆசிரியராக இருந்து, 1990-ல் மறைந்த நஸ்ரீன் முகமதியின் நாட்குறிப்புகளைப் பாருங்கள். எழுதிய பக்கங்களின் மேல் பட்டைகளாகவும் கோடுகளாகவும் மை பூசி, சில வரிகளை மூடி, சிலவற்றை விட்டிருக்கிறார். நரம்பு நோய் அவர் உடலை வாட்டிய ஆண்டுகளிலும் கை கோடு போடுவதை நிறுத்தவில்லை. அந்தப் பக்கங்களில் வழக்கம் ஆறுதலாகவும் இருக்கிறது, பாரமாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் அவர் பொய் சொன்னவராவார். தன் ஷிப்டை நேசிக்கவும் செய்து, வெறுக்கவும் செய்யும் மனிதருக்கு இந்தப் பக்கங்களை விளக்க இடையில் ஆள் தேவையில்லை.

ஆகவே 'கணத்தின் வெடிப்பு' என்று எழுதுவதைக் கலை விமர்சகர்கள் நிறுத்த வேண்டும். ஒரு படத்தை அறிமுகப்படுத்தும்போது ஓவியரின் மனநிலையை வர்ணிப்பதற்கு முன்னால் எத்தனை பூச்சு, என்ன வண்ணம், எதை மூடினார், எதைச் சுரண்டினார் என்று சொல்லுங்கள். அது தொழில்நுட்ப விவரம் அல்ல, படத்தின் உள்ளடக்கமே அதுதான். தேசிய தொழில்நுட்பக் கழகத்துக்கும் பெல் குடியிருப்புக்கும் திருச்சி அருங்காட்சியகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆதிமூலத்தின் பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்றாவது அவர் பிறந்த மாவட்டத்தில், துவாக்குடித் தொழிலாளி நடந்து வந்து பார்க்கும் தூரத்தில் தொங்க வேண்டும். அதன் விளிம்பு சட்டத்துக்குள் மறையாதபடி மாட்டுங்கள். பக்கவாட்டில் ஒரு விளக்கும், எதிரே உட்கார ஒரு பெஞ்சும் போடுங்கள். இரண்டாம் ஷிப்டு முடிந்து வருபவருக்கும் கதவு திறந்திருக்கும்படி நேரத்தை வையுங்கள்.